ஒன்பதாம் வகை முத்திரை

கரா-கெச்சூ
3 மார்ச் 1994

கழகச் செயலாளரும் என் சம்பந்தியுமான ஜிபார் அவர்களுக்கு,

கரா-கெச்சூ தபால் முத்திரை ஆய்வுக் கழகத்தின் அவசரக் கூட்டம் மார்ச் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்குத் தபால் நிலையத்துக் கணப்பின் அருகே கூடியது. கழகத்தின் உறுப்பினர்கள் இருவரில் ஒருவர் வந்திருந்தார். இந்த ஊரின் முத்திரைகள் எட்டு வகை என்று பதினொரு ஆண்டுகளாக நாம் கொண்டிருந்த நிலைப்பாட்டைக் கைவிடுவதென்று, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இனி ஒன்பது வகை.

தலைநகரிலிருந்து புது முத்திரை வந்துவிட்டது. நாட்டின் பெயரும் ஊரின் பெயரும் நம் மொழியிலேயே இருக்கின்றன. விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். பழையதைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். வாசல் தாண்டும்போது அது ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. குறிப்பேட்டில் இதைச் சேர்க்கவில்லை.

இரண்டாவது தீர்மானம் இன்னும் முக்கியமானது. முதல் வகைக்கு நேர்ந்த கதி உங்களுக்குத் தெரியும். 1886இல் இந்த ஊருக்கு முத்திரை வந்த முதல் நாளில் போன கடிதங்களில் ஒன்றுகூட முழு உறையாக இல்லை. பெற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் பிரித்துப் படித்துவிட்டார்கள். யாரோ ஆவலில் கிழித்த உறையின் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு நாம் அல்லாடுகிறோம். அன்றைக்கு நாலு பேர் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் நமக்கு இந்த நிலைமை இல்லை. ஆகவே, ஒன்பதாம் வகையின் முதல் நாள் உறைகள் எக்காரணம் கொண்டும் திறக்கப்படக் கூடாது.

அப்படிப்பட்ட உறைகள் உலகத்திலேயே மூன்றுதான். ஒன்று, எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வெற்று உறை. உள்ளே ஒன்றுமில்லாததால் மை பரவிவிட்டது. இரண்டு, தபால் நிலைய வாசலில் விளக்குப் போடச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்கு நான் எழுதிய மனு. மூன்று, உங்கள் மகள் நூர்ஜமால் உங்களுக்கு எழுதிய கடிதம். மூன்றாவதுதான் அழகு. உள்ளே நான்கு தாள் இருக்கும் போலிருக்கிறது. அடியில் மெத்தை வைத்த மாதிரி இருந்ததால் வளையம் பிசிறில்லாமல் விழுந்திருக்கிறது.

முத்திரை குத்துகிற புர்மகான் உங்களுக்குத் தெரிந்தவள்தான். "மெதுவா, மெதுவா" என்றேன்.

"பெய்ஷென் அண்ணே, முப்பது வருஷம் ஆட்டுத் தொடையில ஊதா முத்திரை குத்தினீங்களே, அப்ப ஆடு ஏதாவது சொல்லிச்சா? தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

கால்நடை மருத்துவரின் முத்திரை வேறு, தபால் முத்திரை வேறு என்று விளக்கினேன்.

"ஆமாமா, அதைக் குத்தினா மறுநாள் சாப்பிடவாவது செய்யலாம்" என்றாள்.

உங்கள் மகள் இந்தக் கடிதத்தை மூன்று நாள் எழுதினாள். கையில் கொடுக்கும்போது, "மாமா, இது அம்மா கைக்குப் பத்திரமாப் போய்ச் சேரணும். பதில் வர்ற வரைக்கும் நான் எந்த முடிவும் எடுக்கப் போறதில்லை" என்றாள். என்ன முடிவு என்று கேட்டிருப்பேன். தபால் நிலையம் திறக்க இருபது நிமிடம்தான் இருந்தது.

தபால் பை வெள்ளிக்கிழமைதான் போகும், ஆகவே அந்த உறையும் இதுவும் சேர்ந்தே வரும். இதன் பின்பக்கத்தில் 'முதலில் இதை' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். இது மூன்றாம் தேதி முத்திரை. தாராளமாகத் திறக்கலாம்.

உங்கள் மருமகன் மெலிஸ் வருஷந்தோறும் போகிறபடி அக்டோபரில் தோல் அங்கிகளை விற்க ருஷ்யாவின் பர்னவுலுக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. ஒரு வரி எழுதவில்லை. நம் சேகரிப்பில் பர்னவுல் முத்திரை ஒன்றுகூட இல்லை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஜனவரியில் யாரோ தொலைபேசிக் கம்பியை அறுத்து எடுத்துப் போனதிலிருந்து ஊரே அமைதியாக இருக்கிறது. ஆற்றின் சத்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மற்றபடி நானும் நூர்ஜமாலும் குதிரையும் சுகம்.

உங்கள் சம்பந்தி,
பெய்ஷென்
தலைவர்


பிஷ்கெக்
21 மார்ச் 1994

தலைவர் அவர்களுக்கும் சம்பந்திக்கும்,

நவ்ரோஸ் புத்தாண்டு வாழ்த்துகள். கீழ்வீட்டுக்காரர்கள் கோதுமைப் பாலைக் கிளறிக் கிளறி இரண்டு கட்டடங்களுக்கு அந்த வாசனை பரவிவிட்டது. அதன் நடுவில் உங்கள் உறையும் என் மகளின் உறையும் வந்தன. பென்சில் எழுத்தைப் பார்த்தேன். சொன்னபடியே செய்தேன்.

இரண்டு தீர்மானங்களையும் செயலாளர் வழிமொழிகிறார். ஆனால் இரண்டாவதை வழிமொழிவது சுலபமாக இல்லை. என் கை இரண்டு முறை பேனாக்கத்தியிடம் போனது. பெற்ற மகளின் கையெழுத்து. பிறகு அந்த இரண்டு கிழிந்த துண்டுகளை நினைத்துக்கொண்டேன். கை தானாகத் திரும்பி வந்துவிட்டது.

வேலை பார்த்த மருந்துக்கடையிலிருந்து ஓய்வு பெற்று வரும்போது கொண்டுவந்த தராசில் நிறுத்துப் பார்த்தேன். உறையோடு இருபத்தொரு கிராம். நீங்கள் சொன்னது போல நான்கு தாள்தான். அவள் நலமாக இருப்பதற்கு இதுவே சாட்சி. நலமில்லாதவர்கள் இரண்டு வரிதான் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் உங்கள் ஊரில் முத்திரை குத்திய நம் லுகின் விஷயத்தில் இது நிரூபணமானதாயிற்றே.

லுகின் பற்றி ஒன்று. மூன்றாம் வகையில் 1891 நவம்பர் பதினான்குக்குப் பிறகு எல்லா முத்திரைகளும் இடப்பக்கம் சாய்கின்றன அல்லவா? நான்கு மாதம் அப்படியே இருந்து, மெல்ல மெல்ல நிமிர்கின்றன. நான் இதைப் பதினேழு உறைகளில் பாகைமானி வைத்து அளந்துவிட்டேன். அந்த மனிதர் பனியில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஆள் தனியாக இருந்திருக்கிறார். உதவிக்கு யாராவது இருந்திருந்தால் அவர்தானே குத்தியிருப்பார்? சாய்ந்திருக்காது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வலியை வெளியே சொல்லாமல் வேலை பார்த்ததை நாம் ஒரு வளையத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம். இதற்காகத்தான் கழகம். மூன்றாம் வகையை 3அ, 3ஆ என்று பிரிக்கும்படி முன்மொழிகிறேன்.

நூர்ஜமாலிடம் அவள் கடிதம் மிக நன்றாக வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். இடது ஓரத்தில் மை சற்றுக் குறைவு, மற்றபடி குறையே இல்லை. வேறு ஏதாவது சாதாரண நாளில் மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். சிறியவர்களுக்கு இதெல்லாம் புரியாது, ஆகவே காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். மனத்தாங்கலாகிவிடும்.

நம் பிள்ளைகள் கண்காட்சியில் முதன்முதலாகப் பேசிக்கொண்டது மூன்றாம் வகைச் சட்டகத்துக்கு முன்னால்தான். அப்போது நாம் இருவரும் ஐந்தாம் வகைக்கு எதிரே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சண்டையில் நீங்கள் சொன்னது தவறு.

அன்புடன்,
ஜிபார்
செயலாளர்


கரா-கெச்சூ
8 ஏப்ரல் 1994

அன்புள்ள சம்பந்திக்கு,

3அ, 3ஆ பிரிவினை ஏற்கப்பட்டது. ஐந்தாம் வகை பற்றி நான் சொன்னது சரி.

உங்கள் கடிதம் வந்த அன்று நூர்ஜமால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் கையைக் கழுவாமலே வந்து நின்றாள்.

"அம்மாவா? என்ன எழுதியிருக்காங்க, மாமா?"

"உன் கடுதாசி ரொம்ப நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காங்க."

"நல்லாயிருக்கா?"

"ஆமா. குறையே இல்லைன்னு."

அவள் விரல்களில் ஒட்டியிருந்த மாவை உரித்தாள். "வேற ஒண்ணுமே சொல்லலையா?"

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. "இடது ஓரத்துல மை கொஞ்சம் கம்மின்னாங்க. மறுபடியும் எழுதச் சொன்னாங்க."

"மறுபடியுமா? எல்லாத்தையும் எழுதிட்டேனே. நல்லா யோசிச்சுட்டு மறுபடி எழுதுன்னு சொல்றாங்களா?"

"மறுபடியும் எழுதுன்னாங்க. அவ்வளவுதான்."

"சரி மாமா" என்று உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரொட்டி சற்றுக் கெட்டியாக இருந்தது. மாவு காத்திருந்ததால் இருக்கும்.

அடுத்த நாளிலிருந்து அவள் பதில் வந்ததா என்று கேட்பதில்லை. மனம் அமைதியாகிவிட்டது என்று நினைக்கிறேன். சாயங்காலங்களில் வேலியில் சாய்ந்துகொண்டு கணவாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரத்தில் மலை ஊதா நிறமாகி, அப்புறம் நிறமே இல்லாமல் ஆகி, கடைசியில் இருந்த இடம் மட்டும் தெரியும். நானும் பக்கத்தில் போய் நின்றேன். லுகினும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று சொன்னேன்.

"லுகினுக்கு யாராவது கடுதாசி போட்டாங்களா, மாமா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நமக்கு இதுவரை தோன்றவே இல்லை. அவர் முத்திரை குத்தி அனுப்பிய உறைகளில் அறுபத்து மூன்று நம்மிடம் இருக்கின்றன. அவர் பெயருக்கு வந்தது ஒன்றுகூட இல்லை. குறிப்பேட்டில் சேர்த்துவிட்டேன், கேட்டவர் பெயரோடு.

உங்கள்,
பெய்ஷென்


பிஷ்கெக்
9 மே 1994

அன்புள்ள சம்பந்திக்கு,

ஏப்ரல் முழுக்க நூர்ஜமாலிடமிருந்து ஒரு உறைகூட வரவில்லை. உங்கள் மருமகளுக்குக் கையில் வலியா? சாதாரண நாள் உறை என்றால் உடனே திறந்து படித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியாது, பாவம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் முத்திரை மங்கலாக விழுந்துவிட்டது. அதைத் தூக்கிப் போடலாம்.

இங்கே பாப்லர் மரங்களின் பஞ்சு பறக்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னலை மூடினாலும் எப்படியோ உள்ளே வந்து ஆல்பங்கள் மேல் படிகிறது. முந்தாநாள் மத்தியானம் அப்படிப் பஞ்சு பறப்பதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் கண்ணயர்ந்தேன். கனவில் மருந்துக்கடையில் இருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு லுகின் வருகிறார். நாம் நினைத்ததை விடக் குள்ளம். வலது கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியில் தொங்கவிட்டிருந்தார், ஆகவே மணிக்கட்டு விஷயம் உறுதியாகிவிட்டது. இடது கையில் முத்திரை. பறந்து வந்த பஞ்சு ஒவ்வொன்றின் மேலும் குத்திக்கொண்டே வந்தார். பஞ்சு போய்விட்டது, வளையங்கள் மட்டும் காற்றில் நின்றன. கடை முழுக்க வளையங்கள். மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

வாய்ப்பை நழுவவிடக் கூடாது என்று, "3அ முந்தினதா, 3ஆ முந்தினதா?" என்று கேட்டேன்.

"எனக்குக் குளிருதும்மா. அதைக் கேளுங்களேன்" என்றார்.

விழித்துக்கொண்டேன். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

மெலிஸ் வந்துவிட்டானா?

அன்புடன்,
ஜிபார்


கரா-கெச்சூ
20 ஆகஸ்ட் 1994

அன்புள்ள சம்பந்திக்கு,

நான்கு மாதம் எழுதாததற்கு மன்னிக்கவும். கோடை முழுவதும் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் விளக்கு மனு கிடைத்துவிட்டது. மார்ச் முதல் தேதி உறை, திறக்கப்படாமல், ஒரு மடிப்புக்கூட இல்லாமல், வந்த கட்டிலேயே இருந்தது. அதை அங்கே யாரும் திறக்காததற்குக் காரணம் நம் தீர்மானம் அல்ல என்றாலும் பலன் ஒன்றுதான்.

"மனுவைத் திருப்பிக் கேக்கற முதல் ஆள் நீங்கதான், ஐயா" என்றார் எழுத்தர். "விளக்கு வேணாமா?"

"விளக்கு இருக்கட்டும். உறையைக் குடுங்க."

இடது ஓரத்திலும் மை நிறைவாக இருக்கிறது. கந்தல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். இனி ஒன்பதாம் வகைக்கு முதல் பிரதி இதுதான். நூர்ஜமாலின் உறை இரண்டாம் பிரதி.

இரண்டாவது செய்தியும் நல்ல செய்திதான். கணவாய்க்கு அப்பாலிருக்கிற வானிலை நிலையத்தில் ஆள் கேட்டிருக்கிறார்கள். காற்று, வெப்பநிலை எல்லாம் பார்த்துக் குறிக்க வேண்டும். நூர்ஜமால் போலச் செவிலியர் படிப்பு இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு குளிர்காலத்துக்கு ஒப்பந்தம். நூர்ஜமாலுக்கு அது ஒரு மாதமாகவே தெரியுமாம். நேற்று என்னிடம் கேட்டாள்.

"நான் போகட்டுமா, மாமா?"

"மெலிஸ் வந்தா என்ன சொல்றது?"

அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். பிறகு, "நீங்க இருன்னு சொன்னா இருக்கேன். அம்மா வான்னு சொன்னா அங்க போறேன். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலைன்னா நான் எங்கயாவது போய்த்தானே ஆகணும்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமே. பழைய அஞ்சல் குதிரை லாயத்தை ஒட்டினாற்போல. லுகின் கடைசி இரண்டு குளிர்காலம் இருந்த இடம். நான்காம் வகை அங்கிருந்துதான் வந்தது என்று நாம் இத்தனை வருஷமாக ஊகிக்கிறோம், போய்ப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. "போயிட்டு வாம்மா" என்றேன். "அங்க லாயத்தோட மேற்குச் சுவர் இன்னும் நிக்குதான்னு பாரு. நின்னா நீளத்தை அளந்து எழுது."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். அழுகையும் சேர்ந்து வந்தது, இளம் வயது. லாரி செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி புறப்படுகிறது. அதற்குள் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுங்கள்.

உங்கள்,
பெய்ஷென்
தலைவர்


பிஷ்கெக்
8 செப்டம்பர் 1994

தலைவர் அவர்களுக்கு,

பெட்டி நேற்று வந்தது. அப்படி ஓர் உறையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஜன்னலோரமாக வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெயில் நகர நகர வளையம் ஒரு சிறு ஏரி மாதிரி நிறம் மாறிக்கொண்டே வந்தது. இந்தக் கழகத்தின் பதினொரு ஆண்டு உழைப்பு வீண் போகவில்லை.

நூர்ஜமால் மலைக்குப் போவது நல்லதுதான். சுவரை அடித்தளத்திலும் மேலேயும் இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். என்னை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஆறு மாதமாக ஒரு வரி எழுதாத பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது அதிகம்தான்.

அவள் உறை இரண்டாம் பிரதி ஆகிவிட்டதால் தீர்மானத்தின் கட்டுப்பாடு அதற்கு இனி இல்லை என்று கருதுகிறேன். நாளை அதைத் திறந்து, தாள்களை எடுத்துவிட்டு, உறையின் எடையைத் தனியாகக் குறிக்கப் போகிறேன். பட்டியலுக்குத் தேவைப்படும்.

ஜிபார்
செயலாளர்


பிஷ்கெக்
9 செப்டம்பர் 1994

சம்பந்தி,

இதைச் செயலாளராக எழுதவில்லை.

நான்கு தாள் அல்ல. ஐந்து.

மெலிஸ் வரமாட்டான். பர்னவுலில் அவனுக்கு ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறார்கள். நவம்பரிலேயே அங்கிருந்து வந்த ஒருவர் நூர்ஜமாலிடம் சொல்லிவிட்டார். நான்கு மாதம் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு உங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதியிருக்கிறாள். அவள் எழுத்திலேயே பாருங்கள்:

"அம்மா, நான் வந்துட்டா நீயும் மாமாவும் சம்பந்தி இல்லாம போயிடுவீங்க. அப்புறம் எந்த முகத்தோட அவர் உனக்கு எழுதுவாரு, நீ அவருக்கு எழுதுவ? அப்பா போன பிறகு நீ சிரிச்சது அவர் கடுதாசியைப் படிக்கும்போதுதான். அதை நினைச்சு நினைச்சுத்தான் இத்தனை நாள் தள்ளிட்டேன். இப்ப முடியலை. 'வா'ன்னு ஒரு வார்த்தை எழுதும்மா, அடுத்த பஸ்ஸுலயே வந்துடறேன். எழுதலைன்னா, இங்கேயே இருன்னு நீ சொல்றதா எடுத்துக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

அதற்கு நான் சொன்ன பதில், இடது ஓரத்தில் மை சற்றுக் குறைவு.

தந்தி கொடுக்கப் போனேன். கம்பி இல்லாததால் உங்கள் ஊருக்குத் தந்தியும் தபால் பையில்தான் போகும் என்றார்கள். பேருந்து நிலையத்துக்குப் போனேன். டீசல் இல்லை, வண்டி எப்போது என்று தெரியாது என்றார்கள். மாவு ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் போகிற ஒரு லாரிக்காரரைச் சந்தையில் பிடித்தேன். "என்னையும் ஏத்திக்கோப்பா" என்றேன். "முன்னாடி ஏற்கெனவே மூணு பேரும்மா, ஒருத்தி மாசமா இருக்கா. கடுதாசின்னா குடுங்க. பதினொண்ணாம் தேதி போயிடுவேன்" என்றார்.

ஆகவே இந்த உறையில் தபால்தலை இல்லை. முத்திரை இல்லை. உள்ளே இன்னொரு உறை அவள் பெயருக்கு இருக்கிறது. அதில் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறேன். லாரி புறப்படுவதற்குள் அவள் கையில் கொடுங்கள். கொடுத்து, உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள்.

ஜிபார்


கரா-கெச்சூ
30 செப்டம்பர் 1994

ஜிபார் அவர்களுக்கு,

எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியாததால் பெயரைச் சொல்லி எழுதுகிறேன்.

மாவு லாரி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டு, பதின்மூன்றாம் தேதி மாலை வந்தது. நூர்ஜமால் பன்னிரண்டாம் தேதி காலையில் போய்விட்டாள். போகும்போது முற்றத்தில் நின்று எனக்கு மூன்று முறை குனிந்து வணங்கினாள். நீங்கள் அனுப்பிய காலுறையைப் போட்டிருந்தாள். நான் அளவு நாடாவை அவள் பைக்குள் வைத்தேன்.

உங்கள் கடிதத்தைத் தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புர்மகான் வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ மூஞ்சியைப் பாத்தாலே தெரியுமே, அண்ணே. மார்ச்சுல இருந்து இந்த ஜன்னல்ல வாரா வாரம் வந்து நிப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

அவள் வாரா வாரம் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

மெலிஸ் விஷயம் தெரியாது என்று நான் சொன்னால் அது பொய்யாகாது. தெரிந்துகொள்ள நினைத்திருந்தால் நவம்பரிலேயே தெரிந்திருக்கும் என்பதும் பொய்யாகாது. அவன் என் மகன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

பதினான்காம் தேதி விடிந்ததும் குதிரையில் கிளம்பினேன். அறுபத்து மூன்று வயதில் செய்யக்கூடிய காரியம் அல்ல. கடைசி மேய்ப்பர் கூடாரம் வரை போனேன். அதற்கு மேல் முந்தின இரவே பனி விழுந்து குதிரையின் முழங்காலுக்கு வந்துவிட்டது. மேய்ப்பர் வீட்டம்மா புளித்த குதிரைப்பால் குமிஸ் கொடுத்துவிட்டு, "மேல போனா நீங்க போயிடுவீங்க, குதிரை மட்டும்தான் திரும்பி வரும்" என்றார். அங்கே ஒரு நாள் இருந்தேன். மேகம் கூடாரத்துக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. இறங்குகிற வழியில் எங்கே மலை முடிந்தது, எங்கே வானம் ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. லாரி எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் கடந்து போயிருக்கிறது. இந்த வருஷம் போன கடைசி லாரி அதுதான்.

நேற்று மாவட்ட வானிலை அலுவலகத்துக்குப் போனேன். மலை நிலையத்தோடு அவர்கள் தினமும் மாலை ஆறு மணிக்கு வானொலியில் பேசுகிறார்கள். பேசுகிறார்கள் என்றால், எண்கள் மட்டும். இயந்திரத்துக்கு முன்னால் ஒரு ருஷ்ய அம்மா, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தேநீரில் ரொட்டியைத் தொட்டுத் தின்றபடி உட்கார்ந்திருந்தார்.

"சொந்தச் சேதியெல்லாம் சொல்லக் கூடாது, பெரியவரே. எனக்கு வேலை போயிடும்."

"ஒரே வார்த்தைதான்மா."

"எல்லாரும் ஒரே வார்த்தைன்னுதான் வருவாங்க."

உங்கள் உறையை மேசை மேல் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நானே அதைப் பிரித்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். படித்துவிட்டு, "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் முதலில் இரைச்சல் வந்தது. ஆறு ஓடுகிற மாதிரி, ஆனால் மிக உயரத்தில். அதற்குள்ளிருந்து நூர்ஜமாலின் குரல், நிலையத்தின் எண்ணைச் சொன்னது. ருஷ்ய அம்மா கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, மெல்லச் சொன்னார்: "உங்க அம்மா வரச் சொல்றாங்க. 'வா'ன்னு எழுதியிருக்காங்க. லெட்டரை இன்னைக்குத்தான் பிரிச்சாங்களாம்." கடைசி வரி சரியல்ல. நான் திருத்தவில்லை.

அந்தப் பக்கம் நான்கு நிமிடம் இரைச்சல் மட்டும் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். ருஷ்ய அம்மா தேநீரைத் தொடவில்லை.

கணவாய் ஜூன் பத்தாம் தேதி வாக்கில் திறக்கும். அதுவரை தினமும் ஆறு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்திருப்பதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன்.

நான்கு நிமிடத்துக்குப் பிறகு நூர்ஜமாலின் குரல் சொன்னதை ருஷ்ய அம்மா திரும்பச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மைனஸ் ஒன்பது. வடமேற்குக் காற்று, வினாடிக்கு ஆறு மீட்டர். மேகம் இல்லை. பனியின் ஆழம் நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

பெய்ஷென்